இன்னும் பால் காய்ச்சாத வண்டி

அன்புள்ள சேகர்,

உறையின் மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ சின்னப் பிள்ளை விளையாட்டாக எழுதிப் போட்டது என்று ஓரமாக வைத்துவிடாதே. எழுதியது உன் அப்பாதான். வரி நேராகத்தான் தொடங்குகிறது. பாதி தூரம் போனதும் காற்று இறங்கிய வண்டி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. சில இடங்களில் காகிதம் கிழிந்தும் இருக்கும். தகரத்தை அடித்துப் பழகிய கை பென்சிலையும் சுத்தியல் மாதிரித்தான் பிடிக்கிறது. அழுத்தாதீர்கள் தாத்தா, எழுத்து எங்கேயும் ஓடிப்போகாது என்று நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் மாலை வகுப்பின் டீச்சர் பெண் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. பேசுகிற மாதிரி எழுதாமல் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதிப் பழகுங்கள் என்று சொன்னதும் அந்தப் பெண்தான். அதனால் அப்பா என்ன திடீரென்று மேடைப் பேச்சாளர் மாதிரி ஆகிவிட்டார் என்று சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுச் சிரி. இதை நான் ஒரே மூச்சில் எழுதவில்லை. பட்டறையில் வேலை ஓய்ந்த நேரத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன்.

மயிலாப்பூரில் பஸ் ஏறினால் பெசன்ட் நகரில் உன் வீட்டுப் பக்கத்தில் இறங்கிவிடலாம், இதற்கு எதற்குத் தபால் என்று கேட்பாய். கடற்கரையில் நாம் பார்க்கும்போது இதைச் சொல்ல நான் எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். அம்மா என்ற பேச்சு வந்தாலே நீ பேண்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறாய். கடிதம் என்றால் கோபத்தில் மடித்து வைத்தாலும் மறுபடி பிரித்துப் பார்க்கலாம் இல்லையா? இன்னொரு காரணமும் உண்டு. நீ ஓசூரில் வேலை பார்த்தபோது உனக்கு வந்த கடிதம் எல்லாம் நம் தெருமுனைத் தையல்காரர் எழுதியது. நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அங்கே நின்றுகொண்டு, நீ இல்லாமல் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் இங்கு மழை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடித்துவிடுவேன். இப்போது என்னிடமே பென்சில் இருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காமல் உன்னிடம் பேசுகிறேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

படிப்பதும் அப்படித்தான். எல்லாவற்றையும் படிக்கிறேன். சோப்புக் காகிதம், டீக்கடைப் பலகை, சுவரொட்டி, வடை மடித்துக் கொடுத்த தாள், எதையும் விடுவதில்லை. பஸ்ஸில் ஜன்னலுக்கு மேல் எழுதியிருக்குமே, கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று. இத்தனை வருஷம் அதற்குக் கீழேயே உட்கார்ந்து போயிருக்கிறேன். ஏதோ சாமி பெயர் எழுதியிருக்கிறார்கள், பஸ் பத்திரமாகப் போய்ச் சேரத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில நாள் அதைப் பார்த்துக் கும்பிட்டும் இருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். தலை வெளிய போவாம இருந்தாலும் சாமி காப்பாத்தின மாதிரிதான் என்று சொல்லிவிட்டு அவள் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

அப்படி எழுதிய பலகை ஒன்று இப்போது என் வண்டியில் இருக்கிறது. எந்த வண்டி என்று சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஈக்காட்டுத்தாங்கலில் நம் பட்டறைக்கு ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் என் வயது இருக்கும். அவர்கள் வந்த வேனின் கூரை ஒழுகியது. ஓட்டையைப் பற்ற வைத்து அடைக்க உள்ளே ஏறினால், சேகர், அது வேன் இல்லை, வீடு. படுக்கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாத்திரம் கழுவத் தொட்டி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் போட்டோ கூடச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. அந்த அம்மாள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டே குடித்தேன். அப்போதுதான் தோன்றியது. இந்த வீட்டுக்கு ஒரு தெரு கிடையாது. எதிர் வீடு, பக்கத்து வீடு கிடையாது. யார் வாசலை யார் முதலில் மிதிப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடம் இல்லை. நீ அம்மா வீட்டுப் படி ஏறமாட்டாய். அம்மா உன் வீட்டுப் படி ஏறமாட்டாள். இரண்டு வீடும் இல்லாத ஒரு வீட்டை நானே செய்துவிட்டால் என்ன?

பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய ரொட்டி வேன் கிடந்தது. முதலாளி அதை எடைக்குப் போட இருந்தார். ஒரு தடவை மலைக்குப் போய்வந்து திருப்பிக் கொடுக்கிறேன் என்று கேட்டேன். எடுத்துக்கோ பெருசு என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் எல்லாம் அதுதான் வேலை. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதிது போட்டேன். ரயிலில் இருக்கிற மாதிரி இந்தப் பக்கம் கீழும் மேலும் இரண்டு படுக்கை, அந்தப் பக்கம் இரண்டு. பழைய பஸ் சீட்டின் மெத்தையை வெட்டித் தைத்தேன். ஜன்னலும் அந்தப் பலகையும் உடைத்துப் போட்ட பஸ்ஸில் இருந்து வந்தவை. அடுப்புக்கு ஒரு மேடை, தண்ணீருக்குக் குழாய் வைத்த டிரம், வளைவில் திரும்பும்போது டப்பாக்கள் உருண்டு விழாமல் தட்டுக்கு ஒரு கம்பி. மேல் படுக்கையில் முதல் தடவை ஏறிப் படுத்து எழுந்தபோது கூரையில் தலை இடித்து வீங்கிவிட்டது. ரயிலை நினைத்து அளவு எடுத்தேன், வேனின் உயரத்தை மறந்துவிட்டேன். பிறகு இறக்கி வைத்தேன். மழை பெய்தால் இப்போதும் உள்ளே ரொட்டி வாசனை வரும். மருமகள் ரீட்டாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

போகப்போவது கொடைக்கானல். ஓட்டப்போவது நம் காதர் பாய். லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிவர அந்த மலைக்கு மாதம் தவறாமல் போய்வந்தவர் அவர். முதல் ராத்திரி திருச்சிக்கு இந்தப் பக்கம், அவருக்குத் தெரிந்த பெட்ரோல் பங்கில் நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார். பாய் டிரைவர் சீட்டில்தான் தூங்குவார், வேறு எங்கே படுத்தாலும் அவருக்குத் தூக்கம் வராதாம். மறுநாள் திண்டுக்கல், வத்தலக்குண்டு, பிறகு மலை. ஊருக்கு வெளியே ஒருவர் கேரட் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் களத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம், தண்ணீரும் உண்டு. இவ்வளவையும் நான் பெருமையாகச் சொல்லி முடித்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி. காலைல எழுந்தா எங்க போறது? அதை நான் யோசிக்கவே இல்லை. பங்கிலும் தோட்டத்திலும் கக்கூஸ் இருக்கிறது என்று பாய் சத்தியம் செய்த பிறகுதான் அவள் மேற்கொண்டு காது கொடுத்தாள். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்று எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறாள். நீ சின்ன வயதில் மகாபலிபுரம் போகும்போதே வாந்தி எடுத்தவன். உனக்கும் சேர்த்தோ என்னவோ, பை நிறைய இருக்கிறது.

உங்களை அழைக்கும் எண்ணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் வேலை நடக்கும்போதே ஒருநாள் பட்டறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“நம்ம ரெண்டு பேருக்கு நாலு படுக்கை இன்னாத்துக்கு? பொரண்டு பொரண்டு படுக்கவா?”

ரெண்டு பக்கமும் எடை சமமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் மலையில் வண்டி சாயும் என்று சொன்னேன். ம் என்றாள். அம்மாவின் ம் உனக்குத் தெரியும். அதோடு விடாமல், “வாரத்துக்கு ஒரு நாள் கடக்கரைக்குப் போய் எடை பாத்துக்கினு வர்றியே, அப்ப தெரிஞ்சுதா சாயும்னு?” என்றாள். உன்னைப் பார்க்க வருவது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் சேகர். வேட்டி மடிப்பில் இருக்கும் மணலை உதறித் துவைப்பது அவள்தானே. ஒரு நாளும் போகாதே என்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது கூடுதலாக ஒரு பொட்டலம் முறுக்கு இருக்கும். யாருக்கு என்று அவளும் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். நீ தின்றது எல்லாம் கடையில் வாங்கியது இல்லை.

இப்போது அந்தக் காலையைப் பற்றி எழுத வேண்டும். பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ரிஜிஸ்தர் ஆபீசில் இருந்து நீயும் ரீட்டாவும் மாலையோடு வந்து நம் வாசலில் நின்றீர்கள். தெருவே கதவைத் திறந்து பார்த்தது. அம்மா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. நீ கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு, அம்மா வாயால கூப்பிடாம இந்தப் படி ஏறமாட்டேன் என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு ரீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். அம்மா வேண்டும் என்றே வரவில்லை என்றுதான் நீ நினைத்தாய், இன்றைக்கும் நினைக்கிறாய். உள்ளே நடந்ததை நான் பார்த்தேன். முதலில் அவள் அடுப்புப் பக்கம் கோபமாகக் குந்திக்கொண்டுதான் இருந்தாள். பிறகு எழுந்தாள். உங்களுக்கு ஆரத்தி எடுக்கத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினாள், மஞ்சளைக் கரைத்தாள். ஆலம் சிவக்கச் சுண்ணாம்பு வேண்டுமே, டப்பாவைத் திறந்தால் காய்ந்து கல்லாகக் கிடந்தது. அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டுகிறாள், நீர் விட்டுக் குழைக்கிறாள், மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கப் போகிறவள். தினம் யார் வீட்டுப் பெண்ணுக்கோ ஆலம் சுற்றுவதைச் சமையல்கட்டில் இருந்து எட்டிப் பார்த்தவள். தன் மருமகளுக்கு வெறும் மஞ்சள் தண்ணீரைச் சுற்ற அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் சிவந்து, அவள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நீங்கள் தெருமுனை திரும்பிவிட்டீர்கள். உன்னைக் கூப்பிட நான் ஓடினேன், பஸ் கிளம்பிவிட்டது. திரும்பி வந்தபோது அவள் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் நிக்க முடியல அவனுக்கு என்றாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவள் பிடிவாதம் அவளுக்கு, உன் பிடிவாதம் உனக்கு.

மலை ரோட்டைப் பற்றிக் காதர் பாய் ஒன்று சொன்னார். இதை உனக்கென்றே ஞாபகம் வைத்திருந்தேன்.

“குறுகலான எடத்துல எறங்கறவன்தான் நைனா நிக்கணும். ஏர்றவன் நின்னுட்டா மறுபடி வண்டி எடுக்கறதுக்குள்ள பின்னாடி உருண்டுடும். எறங்கறவன் ஓரம் கட்டி நின்னா அவனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?”

அம்மா ஏறுகிறவள் சேகர். முட்டிவலி, இரத்தக்கொதிப்பு, தெருவின் வாய், மண்டபத்துப் பெண்களின் கேள்வி, எல்லாச் சுமையையும் வைத்துக்கொண்டு ஏறுகிறாள். உனக்கு வயது இருக்கிறது, வேலை இருக்கிறது, பக்கத்தில் ரீட்டா இருக்கிறாள். நீ கொஞ்சம் ஓரம் கட்டினால் பள்ளத்தில் விழமாட்டாய். இதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மாவிடமும் இதையே சொல்லலாம் என்று போனேன், அவள் கையில் அரிவாள்மணை இருந்ததால் திரும்பிவிட்டேன்.

வண்டி வேலை முடிந்ததும் அம்மாவைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு தட்டையும் திறந்து பார்த்தாள். மெத்தையை அமுக்கினாள். தன் பழைய சேலை திரைச்சீலையாகத் தொங்குவதைத் தடவிப் பார்த்தாள். காதர் பாய் சந்தோஷத்தில், முதல் டீயை இங்கேயே குடிக்கலாம் என்று அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“பாய், கை வெக்காத. பால் காய்ச்சாத வூட்ல டீத்தண்ணி போடுவாங்களா?”

“இது வண்டிம்மா.”

“தல மேல கூரை கீது, படுக்க மெத்தை கீது, அடுப்பு கீது. அப்புறம் இன்னா வண்டி?”

கூடையில் இருந்து பாக்கெட் பாலும் சர்க்கரையும் புது ஏனமும் எடுத்தாள். எல்லாம் முன்பே யோசித்துக் கொண்டுவந்திருக்கிறாள். பால் காய்ச்சினால் இது அவள் வீடு. அவள் வீட்டுப் படியை நீ ஏறமாட்டாய். யாருடைய வீடும் இல்லாத வீடு என்று இத்தனை நாள் அடித்து நிமிர்த்திய என் திட்டம் ஒரு பாக்கெட் பாலில் போகப்போகிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் பாலை ஏனத்தில் ஊற்றி அடுப்பில் வைத்துத் தீக்குச்சியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் உரசவில்லை. காலியாக இருந்த அந்த இரண்டு படுக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குச்சியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

“நான் காய்ச்சமாட்டேன். நான் வந்தப்ப என் கையாலதான் காய்ச்ச வெச்சாங்க. எனக்கும் ஒருத்தி கீறா இல்ல? அவ வந்து காய்ச்சட்டும்.”

பட்டறையில் சுத்தியல் சத்தம் இருந்திருக்கும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மாவே மெதுவாக, அவங்க வூட்ல எல்லாம் பால் காய்ச்சற வழக்கம் உண்டா என்று கேட்டாள். எங்க வூட்லயே காய்ச்சறோம், அவங்க காய்ச்சமாட்டாங்களா என்றார் பாய். நாங்கள் மூன்று பேரும் தெருவுக்கு வந்து கடையில் டீ குடித்தோம். அந்தப் பாலைப் பட்டறை நாய் குடித்தது. அன்றிலிருந்து அந்த அடுப்பை அவள் யாரையும் தொட விடவில்லை. ரீட்டா வராமல் வண்டி மலைப் பக்கம் ஒரு அடி நகராது. பாய் இரண்டு லோடு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்.

இதை எல்லாம் அவனுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். உன் கை, உன் பென்சில், என்னை இன்னாத்துக்குக் கேக்கற என்றாள். எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். நான் படிக்க அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. எழுத்துக் கூட்டிப் படித்தேன், அவசரப்படுத்தாமல் இருந்தாள். ஆலம் வந்த இடத்தில் காய் நறுக்குவது நின்றது. என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “கொஞ்ச நேரம் கோவமா குந்திக்கினுதான் இருந்தேன்னு எழுதினியே, அது இருக்கட்டும். அடிச்சிடாதே” என்று மட்டும் சொன்னாள். பால் பொங்கி வரும்போது ஊதி அடக்கக் கூடாது, கிழக்குப் பக்கமாக வழிய விட வேண்டும், அதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லச் சொன்னாள். வண்டியைக் கிழக்கு பார்த்தே நிறுத்துகிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டாள். உன் முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாயே, மெரூன் கலரில், மலைக்கு அழைத்துப் போகிறேன், அப்போது போட்டுக்கொள் என்று. இந்த ஊரில் அதை என்றைக்குப் போடுவது? வருஷா வருஷம் மார்கழியில் வெயிலில் காயவைத்து, பாச்சை உருண்டை போட்டு மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவாள். நீ போன பிறகும் காயவைத்தாள். இப்போது கொடியில் தொங்குகிறது. அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு கைல ஸ்வெட்டர் கீதா கேளு. இல்லன்னா சொல்லு, வாங்கணும்.”

சேகர், உன் அம்மா வா என்ற வார்த்தையைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காதே. இதற்கு மேல் கூப்பிட அவளுக்குத் தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ரீட்டா பூசைக்குப் போய்த் திரும்பும் நேரத்தில், உங்கள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மலைக்குக் கிளம்பத் தயாராக வண்டி நிற்கும். அம்மா உள்ளே உட்கார்ந்திருப்பாள். ஏற வசதியாகப் பின்பக்கம் ஒரு படி வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு டப்பாவை நானே புதிதாக வாங்கி, நீர் விட்டு, மூடி இறுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து கொஞ்சம் நில்லுங்கள். அம்மா உள்ளேயிருந்து வர நேரம் ஆனாலும் நில்லுங்கள்.

ரீட்டாவுக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு. எனக்குக் கடிதம் எழுது. யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்வேன், பெரிய எழுத்தாக எழுது. அடுத்த வாரம் நான் மறுபடியும் உனக்கு எழுதுவேன். அதை மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு எழுதலாம் என்று இருக்கிறேன். கீழே படுத்திருக்கும் உனக்குக் கையை நீட்டிக் கொடுத்துவிடலாம். உள்ளே நீட்டுவதற்குத்தான் பலகையில் தடை ஒன்றும் இல்லையே.

அன்புடன்,
அப்பா